சீருடை கழற்றிய பின்னும் தொடரும் வலி

அமராவதி ஆற்றங்கரையில் நெல்லும் கரும்பும் தென்னையும் சூழ அமைந்த கொமரலிங்கத்திலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே சென்றால், அணைக்கட்டின் அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளியைக் காணலாம். 1962ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பள்ளி, நம் வட்டாரச் சிறுவர் பலருக்குப் படைப்பணியின் மீது ஆசையை ஊட்டியது. 2021-22ஆம் கல்வியாண்டு முதல் சைனிக் பள்ளிகள் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே நம் மகள்களும் இனிப் படைக்குச் செல்வர். சென்றவர் திரும்புகையில் பதக்கத்தோடும் ஓய்வூதியத்தோடும் வேறொன்றையும் கொண்டுவருவதுண்டு. அது ஆறாத உடல்வலி. அதைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியது நம்முடைய பிழையொன்றே.

நம் பங்கில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். மறையுரை நடக்கும்போது எல்லாரும் அமர்ந்திருக்க, அவர் மட்டும் கடைசித் தூணருகே நின்றுகொண்டிருப்பார். பக்தி என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். வீடு சந்திக்கச் சென்ற ஒரு நாளில் அவர் மனைவியார்தாம் உண்மையைச் சொன்னார். மலைமுனைக் காவலில் சுமை தூக்கித் தூக்கி இடுப்பு பழுதுபட்டு, அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார இயலாதாம். அவரைக் கேட்டால், "ஒன்றுமில்லை சாமி, பழைய பிடிப்பு" என்று சிரித்தார். கான்டீனில் வாங்கும் ரம்மே அவருக்கு மருந்து. நாம் உடனே தெரிந்த மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் எழுதி அவரை அனுப்பிவைத்தோம்.

சில மாதங்கள் கழித்து, இராணுவச் செவிலியர் பணியில் இருபதாண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் வந்தார். ஊரார் அவரைச் "சிஸ்டர்" என்றே அழைப்பர். கன்னியர் அல்லர், படை மருத்துவமனையில் வழங்கிய பெயர் ஊரிலும் நிலைத்துவிட்டது. கழுத்து, இரு தோள்கள், முழங்கால் ஆகிய இடங்களில் ஓயாத நோவு. வாரத்தில் இரு நாள் ஒற்றைத் தலைவலி. அடிபட்ட வீரர்களைத் தூக்கிக் கிடத்திய காலத்திலிருந்து தொடர்வதாகத் தெளிவாகக் கூறினார். ஒரு மருத்துவமனையில், "மாதவிலக்கு நிற்கும் பருவம், மனத்தை அமைதியாக வையுங்கள்" என்று அனுப்பிவிட்டனராம். நாமும், "ஆண்டவரின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள், அம்மா" என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஹவில்தாருக்கு எழுதிய கடிதத்தை எனக்கும் எழுதலாமே, சாமி?" என்றார். நம்மிடம் விடை இல்லை.

அதன் பிறகே இதுபற்றித் தேடிப் படித்தோம். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கின்றனர் மருத்துவர். புண் ஆறினாலும் நரம்பு மண்டலம் அபாய மணியை அடித்துக்கொண்டே இருக்கும் நிலை அது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில், 2022 முதல், அது தனி நோயாகவே இடம் பெற்றுள்ளது. படையிலிருந்து வந்தோரிடம் இது மிகுதி. அமெரிக்காவில் முன்னாள் படையினரை ஆராய்ந்தவர்கள், பெண்களிடம் மூட்டு, தசை நோவுகளும், ஒற்றைத் தலைவலியும், உடலெங்கும் பரவும் ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நோவும் ஆண்களைவிடக் கூடுதலாக இருப்பதைக் கண்டனர். ஒரே நேரத்தில் பல இடங்களில் வலிப்பதும் பெண்களிடமே அதிகம். பணியின்போது பாலியல் வன்முறைக்கு ஆளானோரிடம் நாள்பட்ட வலி மேலும் மிகுதி என்பதைச் சொல்ல நமக்குக் கூச்சமாயினும் மறைத்தல் தகாது.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி, ஆணின் அளவுக்கே செய்த மூட்டையிலும் நடையிலும் இருக்கிறது. பிரித்தானிய விமானப்படையில் உயரமான ஆண்களோடு அடியெட்டி நடக்க வைக்கப்பட்ட பெண் பயிற்சியாளர் மூவருக்கு இடுப்பெலும்பு பழுதுபட்டு, அரசு இழப்பீடு தந்த செய்தி 2013இல் வெளிவந்தது. இன்னொரு பகுதி உடலின் உள்ளேயே உள்ளது. 2015இல் வெளியான எலிச் சோதனையொன்றில், ஆணெலியின் வலியைத் தண்டுவடத்தின் மைக்ரோகிளியா அணுக்கள் நிலைநிறுத்த, பெண்ணெலியில் அந்த வேலையை நோய் எதிர்ப்பு அணுக்களே செய்வதாகத் தெரிந்தது. அதுவரை வலி ஆராய்ச்சி பெரும்பாலும் ஆணெலிகளைக்கொண்டே நடந்துவந்தது!

மூன்றாவது பகுதி, கேட்பவர் செவி. 1521இல் பம்ப்லோனாவில் குண்டடிபட்டுக் கால் முறிந்த புனித இஞ்ஞாசியாரையும், படைவீரராயிருந்த நாள்முதல் காலில் ஆறாப் புண்ணோடு வாழ்ந்து நோயாளரின் பாதுகாவலரான புனித கமில்லுசையும் பற்றிக் குருமடத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு வலித்ததா என்று எவரும் ஐயுற்றதில்லை. ஆண் வலியை மறைக்கிறான், கண்டுபிடித்தால் நம்புகிறோம். பெண் சொல்கிறாள், நரம்புத் தளர்ச்சி என்கிறோம்.

இது வெறும் மனவருத்தத்தோடு முடிவதன்று. பணிக்காலம் முடித்து ஓய்வுபெறுபவர் ஊனமுற்றோர் ஓய்வூதியக் கூறு பெற, ஊனம் 20 விழுக்காட்டிற்குக் குறையாதிருக்கவேண்டும். படைப்பணியால் உண்டானது அல்லது மோசமடைந்தது என்றும் ஏற்கப்பட வேண்டும். படையில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் தோன்றினால், அதைப் பணியால் விளைந்ததாகவே கொள்ளவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. (2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறுவோருக்கு விதிகள் வேறு, அவர்கள் கேட்டறிதல் வேண்டும்.) எவ்வாறாயினும், வலி தாளில் ஏறியிருக்க வேண்டும். வாய் திறவாத ஆணுக்கும் தாள் இல்லை; சொல்லியும் "மனச்சோர்வு" என்று எழுதப்பட்ட பெண்ணுக்கும் தாள் இல்லை. 1888 முதலே செவிலியராகவும், 1992 முதல் பிற பிரிவுகளில் அதிகாரிகளாகவும் நம் தரைப்படையில் பெண்கள் உள்ளனர். தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் முதல் பெண் அணியினர் 17 பேர் 2025 மே மாதம் தேறினர். அவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருத்தல் நலம்.

சிஸ்டருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தோம், தாமதமாகத்தான். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்ததில் கழுத்தெலும்பின் தேய்வு புலப்பட்டது. இப்போது உடற்பயிற்சிச் சிகிச்சை நடக்கிறது. செவிலியராயிற்றே, தம் பணிக்கால மருத்துவச் சீட்டுகளை ஆண்டுவாரியாகத் தகரப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். ஹவில்தாரிடமோ ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பணியிலிருந்தவரை ஒருநாளும் "சிக் ரிப்போர்ட்" செய்யாததை அவர் பெருமையாகச் சொல்லிவந்தார்.

இருவருமாக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு மனு எழுதச் சென்ற ஞாயிறு நம் அறைவீட்டுத் திண்ணையில் அமர்ந்தனர். எந்த ஆண்டிலிருந்து வலிக்கிறது என்று சிஸ்டர் கேட்டார். ஹவில்தார் யோசித்துக்கொண்டிருக்கையில், அவர் மனைவியார் ஆண்டையும் மாதத்தையும் சொல்லிவிட்டார்.