ஆவியும் உலர்வும்

பட்டர்வொர்த் நகரின் காற்று ஆண்டு முழுவதும் ஈரம் சுமந்தே வீசுகிறது. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில், பினாங்கு நீரிணையின் கரையில் அமைந்த ஊர் இது. பகல் வெப்பம் 30 பாகை செல்சியசை ஒட்டியும், காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு 80 பங்கை ஒட்டியும் நிற்கும். இத்தகைய ஊரின் இல்லங்களிலும் சலவைப் பெட்டியின் பணியை நீராவித் தேய்ப்பான் ஏற்கத் தொடங்கியுள்ளது. மேசை விரிக்க வேண்டா. உடையைத் தொங்கவிட்டு ஆவியைச் செலுத்தினால் போதும் என்பதே அதன் ஈர்ப்பு. ஆவியால் ஆவது எது, ஆகாதது எது என்பதை அறிய, துணியில் ஏன் சுருக்கம் விழுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பருத்தி இழை செல்லுலோசு என்னும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அச்சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டி வைப்பவை ஐதரசன் பிணைப்புகள். துணி நனையும்போது நீர் மூலக்கூறுகள் இடையே புகுந்து அப்பிணைப்புகளைத் தளர்த்துகின்றன, சங்கிலிகள் இடம்பெயர்கின்றன. கசங்கிய நிலையிலேயே துணி உலர்ந்துவிட்டால், அந்த மடிப்பிலேயே பிணைப்புகள் புதிதாக இறுகிவிடும். அதுவே சுருக்கம். எனவே சுருக்கத்தை நீக்குவதற்குப் படிகள் இரண்டு: ஈரத்தாலும் வெப்பத்தாலும் பிணைப்புகளைத் தளர்த்துதல் ஒன்று, துணியை நேராக நிறுத்தி உலரச் செய்தல் மற்றொன்று.

சலவைப் பெட்டி இவ்விரண்டையும் ஒருசேர முடிக்கிறது. நீரிணையின் மறுகரையில் உள்ள ஜார்ஜ்டவுனில் ஆயர் ஈத்தாம் ஆற்றை ஒட்டிய டோபி காட் பகுதி, தமிழ்ச் சலவைத் தொழிலாளர்களின் உழைப்பால் பெயர் பெற்றது. கரிப்பெட்டி கொண்டு தேய்ப்போர், துணியின்மேல் நீர் தெளித்த பின்னரே பெட்டியை ஓட்டுவர். தெளித்த நீர் இழையைத் தளர்த்தும். பெட்டியின் கனம் அதனை நேராக்கும். 200 பாகை வரை காயக்கூடிய அடித்தகடு ஈரத்தை அப்போதே விரட்டிவிடும். 1882-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி மின்சலவைப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். வெப்பம் கரியிலிருந்து மின்சாரத்துக்கு மாறியது; கொள்கை மாறவில்லை.

நீராவித் தேய்ப்பானின் ஆற்றல் உள்ளுறை வெப்பத்தில் இருக்கிறது. 1 கிராம் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்கு உயர்த்த ஏறத்தாழ 290 ஜூல் போதும். கொதிநீரை ஆவியாக்கவோ மேலும் 2,257 ஜூல் வேண்டும். ஆவி குளிர்ந்த இழையில் பட்டு மீண்டும் நீராகும்போது அவ்வெப்பம் அனைத்தும் வெளிப்படுகிறது. இழைக்கு வெப்பமும் ஈரமும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. 1,500 வாட் கருவி நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 கிராம் நீரை ஆவியாக்கும். 200 மில்லிலிட்டர் கொள்ளும் தொட்டி ஆறு நிமிடத்துக்குள் தீரும். மின்செலவு ஏறத்தாழ 0.14 அலகு.

ஆவி வெளிப்படும் துளையைப் பக்கவாட்டில் நின்று உற்று நோக்குங்கள். துளையை ஒட்டிய சிறு இடைவெளியில் எதுவும் தெரியாது. அதற்கப்பால்தான் வெண்மேகம் தோன்றும். கண்ணுக்குப் புலப்படாத அவ்விடைவெளியில் இருப்பதே நீராவி. வெண்மேகம் என்பது, தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்ட நீர்த்துளிக் கூட்டம். அரை முழத் தொலைவில் கருவியைப் பிடிப்போர் துணியை நனைக்கிறார்களே அன்றித் தேய்ப்பதில்லை. பருத்தித் துணியாயின் கருவியின் முகப்பைத் துணியோடு ஒட்டி, மறுகையால் துணியின் கீழ்விளிம்பை இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழாக நகர்த்துவதே முறை. அந்த இழுவிசையே பெட்டியின் கனத்துக்கு ஓரளவு ஈடாகும்.

முதற்படி இவ்வாறு எளிதில் முடிகிறது. இரண்டாம் படியான உலர்வை இக்கருவி தருவதில்லை. அதனைக் காற்றிடம் விட்டுவிடுகிறது. பட்டர்வொர்த்தில் இடர் இங்கேதான். 30 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியையே தாங்கும். ஈரப்பதம் நூற்றுக்கு 80 பங்கு எனில் 24 கிராம் முன்னரே நிறைந்திருக்கும். எஞ்சிய இடம் 6 கிராமுக்கே. 24 கன மீட்டர் கொண்ட சிறிய படுக்கையறையை மூடி வைத்தால் அதன் காற்று மேலும் ஏற்பது ஏறத்தாழ 145 கிராம். ஒரு தொட்டி நீரோ 200 கிராம். சன்னலைச் சாத்திக்கொண்டு தேய்ப்பவர், உலர வேண்டிய துணிக்கு உலர இடமின்றிச் செய்துவிடுகிறார்.

துணிக்குத் துணி இவ்விடர் வேறுபடும். பாலியெசுடர் இழை நீரை மிகச் சிறிதளவே உறிஞ்சும். ஏறத்தாழ 70 முதல் 80 பாகையில் நெகிழும், ஆறியதும் இறுகும். ஆதலால் செயற்கையிழைச் சேலைக்கும் மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங் உடைக்கும் ஆவி மிகப் பொருத்தம். பட்டுச் சேலையை உட்புறமாகத் திருப்பி, சற்று விலக்கிப் பிடித்து, நீர்த்துளி தெறிக்காமல் ஆவி காட்ட வேண்டும். துளி பட்ட இடத்தில் கறை நிற்கக்கூடும். பருத்தி வேட்டிக்கும், கூர்மடிப்பு வேண்டும் பள்ளிச் சீருடைக்கும் பெட்டியே ஏற்றது. கனமும் உலர்வெப்பமும் இன்றிக் கூர்மடிப்பு நிற்காது.

உடுத்திய உடைமீது ஆவி செலுத்துவது பெருந்தீங்கு. தோலின்மேல் 1 கிராம் ஆவி நீராகி ஆறும்போது, அதே அளவு கொதிநீர் தருவதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் வெப்பம் இறங்கும். குழந்தைகள் அருகில் இருக்கையில் இதனை மறவாதீர்.

ஆக, நீராவித் தேய்ப்பான் சலவைப் பெட்டிக்கு முழு மாற்று அன்று. மென்துணிக்கும் செயற்கையிழைக்கும் நல்ல துணை. ஈரக்காற்று சூழ்ந்த ஊரில் வாழ்வோர் ஆவி தருவதோடு நின்றுவிடாமல், சன்னலைத் திறந்து, மின்விசிறியின்கீழ் துணியை முற்றும் உலரும்வரை தொங்கவிட வேண்டும். ஈரம் போகுமுன் உடுத்தினால் சுருக்கம் திரும்பும். அலமாரியில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.