கனவா, கூடுவிட்டுக் கூடு பாய்தலா?

கதையின் முடிவைக் காண்போரின் தீர்ப்புக்கே விட்டுவிடும் திரைப்படங்கள் நம்மிடையே மிகுதியாக இல்லை. அத்தகைய ஒன்று வந்துவிட்டால், 'நடந்தது கனவா, நனவா?' என்னும் வாதம் எழாமல் இருப்பதில்லை. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கத்தில், மம்மூட்டி நடித்து, 2023 ஜனவரியில் திரையரங்குகளுக்கு வந்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' அவ்வகையைச் சேர்ந்தது. மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்கும் அப்படத்திற்குப் பெயர் தமிழிலேயே அமைந்தது.

கதை எளியது. வேளாங்கண்ணிக்குச் சென்று கேரளத்திற்குத் திரும்பும் ஒரு கூட்டத்தில் ஜேம்ஸ் என்பவர் இருக்கிறார். நாடகக் குழு நடத்துபவர். தமிழ்நாட்டு உணவும் பாட்டும் அவருக்குப் பிடிப்பதில்லை. நண்பகலில் பேருந்தில் உறங்கி விழித்தவர், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அறியாத ஊர் ஒன்றினுள் நடக்கிறார். அங்கே காணாமற்போன சுந்தரம் என்பவரின் வீட்டில் உரிமையோடு நுழைகிறார். சரளமாகத் தமிழ் பேசுகிறார். மறுநாள் நண்பகலில் மீண்டும் உறங்கி, ஜேம்ஸாகவே எழுந்து புறப்பட்டுவிடுகிறார். காரணம் கூறப்படுவதில்லை.

இதற்குப் பலரும் விளக்கம் தேடுகின்றனர். எல்லாம் ஜேம்ஸின் கனவு என்பது ஒன்று. ஆனால், அவர் உறங்கும்போதும் பிறர் விழித்திருந்து அழுகிறார்களே, அந்த அழுகை யாருடைய கனவு? சுந்தரத்தின் ஆவி புகுந்தது என்பது மற்றொன்று. ஆயின், சுந்தரம் இறந்துவிட்டார் என்பதற்குப் படத்தில் சான்று ஏதுமில்லை. நாடகக்காரர் கற்பனையில் எழுந்த நாடகமே இது என்பது மூன்றாவது. ஒவ்வொரு விளக்கமும் சில பூட்டுகளைத் திறக்கிறது; எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி எதுவுமில்லை.

தமிழ் மரபு இவ்விடத்தில் நமக்குத் துணைசெய்கிறது. உறக்கத்தைச் சாவுக்கும் விழிப்பைப் பிறப்புக்கும் ஒப்பிடும் 339ஆம் குறளின் பொருளைப் படத்தின் தொடக்கத்திலேயே ஜேம்ஸ் கேட்கிறார். திருமூலர் வரலாறும் நினைவுக்கு வருகிறது. மாண்டுபோன ஆயன் மூலனைச் சுற்றி ஆநிரைகள் கதறுவதைக் கண்ட சிவயோகியார், அவனுடலில் புகுந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. கணவனின் உடலைக் கண்டு அருகில் வந்த மூலனின் மனைவியிடம், உறவு ஏதுமில்லை என்று அவர் விலகிவிட்டார். அங்கே உடல் பழையது, உள்ளிருப்பவர் புதியவர். திரைப்படத்திலோ உடல் அயலாருடையது; பேச்சும் பழக்கமும் சுந்தரத்தினுடையவை. கண் தெரியாத தாய், குரலைக் கேட்டு மகனென ஏற்கிறாள். கண்ணுள்ள மனைவி பூங்குழலியோ ஏற்கவும் முடியாமல், விரட்டவும் மனமில்லாமல் நிற்கிறாள்.

ஆகவே, 'எப்படி நடந்தது?' என்பதைவிட, 'ஒருவரை அவர்தாம் என்று எதைக்கொண்டு அறிகிறோம்?' என்பதே இப்படத்தின் வினா எனலாம். முகமா, மொழியா, நினைவா? திறந்த முடிவுள்ள கதையை அளக்க நாம் ஓர் அளவுகோலைக் கொள்ளலாம். காரணத்தை மறைக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. விளைவை மறைக்க உரிமை இல்லை. இங்கு விளைவு ஐயமின்றித் தெரிகிறது. ஜேம்ஸுக்குக் கழிந்தது ஒரு நாள். பூங்குழலிக்கோ அது கணவனை இரண்டாம் முறை இழந்த நாள். கனவென்று கூறினாலும் அந்த இழப்பு குறைவதில்லை. அதனால் முடிவு மங்கலாயிருந்தும் கதை குறையுடையதாகவில்லை.

தில்லியில் வாழும் தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. சென்னையில் இரயிலேறிக் கண்ணயர்ந்து விழித்தால், நடைமேடையில் வேறு மொழி ஒலிக்கிறது. அலுவலகத்தில் ஒருவராகவும், இல்லத்தில் தாய்மொழி பேசும் மற்றொருவராகவும் நாம் நாள்தோறும் மாறுகிறோம். ஊருக்குச் சென்றால் அங்குள்ளோர் நம்மிடம் தேடுவது முன்பு புறப்பட்டுச் சென்ற ஒருவரை. அவரை நம்முள் அவர்கள் காண்கிறார்களா என்பதற்கு விடை, நம்மிடம் மட்டும் இல்லை, வழிபார்த்திருந்தவர்களிடமும் இருக்கிறது.