தெரிந்த கதைக்குப் பாட்டுக் கட்டுவோம்

ஊரை விட்டு வெளிக்கிட்டபோது மாட்டையும் விதைநெல்லையும் மட்டுமா விட்டு வந்தோம்? கூத்து ஏட்டையும் மத்தளத்தையுங்கூட விட்டுத்தான் வந்தோம். மாட்டையும் நெல்லையும் இழப்புக் கணக்கில் எழுதினோம். ஏட்டை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைப் பாடிக் காட்டக்கூடிய அண்ணாவிமாரும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். எமது பிள்ளைகள் பலர் ஒரு கூத்தையேனும் பாராமலே வளர்ந்துவிட்டனர்.

ஏடு போனாலும் கதை போய்விடவில்லை. கதை தெரிந்தால் பாட்டைப் புதிதாகக் கட்டலாம். நாம் வந்து குடியேறிய இந்தப் புத்தளம் மாவட்டக் கரையே அதற்குச் சாட்சி.

சிலாபத்தைச் சேர்ந்த கபிரியேல் பெர்னாண்டோ என்னும் புலவர், மூன்று இராசாக்கள் கதையை 18ஆம் நூற்றாண்டில் 'ராஜ துன்கட்டுவ' என்ற சிங்கள நாடகமாகப் பாடினார் என்பர். தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்து மரபைத் தழுவியே சிங்களத்தில் 'நாடகம' என்னும் வகை வளர்ந்தது.

மத்தேயு நற்செய்தியில் இக்கதை பன்னிரண்டு வசனங்கள்தான். அங்கே வருவோர் ஞானிகள். மூவர் என்றோ அரசர் என்றோ எழுதப்படவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் மரபு அவர்களை மூவராக்கியது. அரசர் என்றால் ஒவ்வொருவருக்கும் வரவுப் பாட்டு வேண்டும். ஏரோது கலங்கினான் என்பது நற்செய்தியில் ஒரே வசனம். கூத்திலோ அவன் கொலுவுக்கு வந்து தன் பெருமை பாடி, மந்திரியை அழைத்து, சேதி கேட்டுச் சினந்து பாடவேண்டும். பன்னிரண்டு வசனம் விடியும்வரை நீளும் வகை இதுதான். மனம் கலங்கும் இடம் பாட்டாகிறது. நடந்து முடிந்ததைக் கட்டியகாரன் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறான்.

இந்த நாடக மரபை எடுத்தே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956 நவம்பர் 3ஆம் திகதி 'மனமே'யைக் கொழும்பில் மேடையேற்றினார். அது பழைய ஜாதகக் கதை. அதில் இளவரசி, கணவனைக் கொல்லும்படி வாளைக் கள்வனிடம் கொடுத்துவிடுகிறாள். சரச்சந்திர கள்வனை வேடர் தலைவனாக்கினார். இளவரசியைத் தயங்கவும் வைத்தார். குற்றம் யாருடையது என்று சபையோரே யோசிக்க வேண்டியதாயிற்று. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடைக்குக் கொண்டுவந்தார். பழைய கதை, பழைய மெட்டு. பார்வை மட்டும் புதிது.

இவர்கள் செய்ததைச் சிறிய அளவில் நாமும் செய்யலாம். முதலில், பாட்டு நினைவுள்ள முதியவரைச் சுற்றி ஒரு பின்னேரம் உட்காருவோம். அவர் பாடும் மெட்டைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைப்போம். சொல் மறந்திருந்தாலும் பாதகமில்லை, மெட்டுத்தான் முக்கியம்.

அடுத்தது கதை. பல ஊரவர் கலந்து வாழும் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த கதையே நல்லது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் எம்மோடு அயலில் வாழ்கின்றன. இறைதூதர்களை வேடமிட்டுக் காட்டுவது அவர்களுக்கு ஏற்புடையதல்ல. ஆகவே அவர்களும் சேரும் இடத்தில் அம்மம்மாவும் மூத்தம்மாவும் சொன்ன கதைகளில் ஒன்றை எடுப்போம்.

பிறகு அந்தக் கதையில் மனம் கலங்கும் இடங்கள் மூன்றைத் தெரிந்து, அவற்றுக்கு மட்டும் பாட்டுக் கட்டுவோம். மீதியைக் கட்டியகாரன் சொல்லட்டும். முடிவு எமக்குப் பொருந்தாவிட்டால் ஏன் என்று பிள்ளைகளோடு பேசுவோம். மாற்றவும் தயங்க வேண்டாம். மத்தளம் இல்லையென்றால் தகரமும் கைத்தட்டும் போதும்.

ஒரு பிடி விதைநெல் மிஞ்சியிருந்தாலும் அடுத்த போகத்தை நம்பலாம் என்பது எமக்குத் தெரியும். மிஞ்சியிருக்கும் மெட்டுக்களை இந்த ஆண்டே சேர்த்துவைப்போம். பாடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே தொடங்குவோம்.