ஆணி அடிக்கலாமா, அட்வான்ஸ் முழுசா வருமா: நேயர் கேள்விகள்

இந்த எபிசோட் முழுக்க உங்க கேள்விகள்தான். வந்த வாய்ஸ் நோட்கள்ல இருந்து மூணை எடுத்திருக்கேன். ஒண்ணு அட்வான்ஸ் பத்தி, ஒண்ணு சுவர் பத்தி, ஒண்ணு குழந்தைக்குப் படிச்சுக் காட்டறது பத்தி. மூணு பேரும் சென்னையில வாடகைக்கு இருக்கிறவங்க. மூணு பேருமே பேச்சுல எங்கேயோ ஒரு இடத்துல "வாடகை வீடுதானே"ன்னு சொல்றாங்க. அதனாலதான் மூணையும் சேர்த்து எடுத்தேன். சொந்த வீடு வாங்கினப்புறம் பார்த்துக்கலாம்னு எல்லாத்தையும் தள்ளிப்போட்டா, அதுக்குள்ள குழந்தை எட்டாங்கிளாஸ் போயிடும்.

முதல் கேள்வி மடிப்பாக்கத்துல இருந்து. "மூணு வருஷம் இருந்த வீட்டைக் காலி பண்றோம். பெயின்ட் அடிக்கணும், அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்குவேன்னு ஹவுஸ் ஓனர் சொல்றார். அக்ரிமென்ட்டை இப்பதான் எடுத்துப் பார்த்தேன். அதுல பெயின்ட் பத்தி ஒரு வரிகூட இல்ல. அவர் பிடிக்கலாமா?"

நீங்க கடைசியில சொன்னீங்களே, அந்த வரிதான் முக்கியம். தமிழ்நாட்டுல வாடகைக்குன்னு 2017-ல ஒரு சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-ல நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தோட பின்னாடி ஒரு அட்டவணை இருக்கு. எந்த வேலை ஓனருடையது, எது குடியிருக்கிறவங்களுடையதுன்னு அதுல பிரிச்சிருக்காங்க. சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கிறது, பைப் மாத்துறது, வயரிங் வேலை எல்லாம் ஓனர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீசர் ரிப்பேர், அடைச்சுக்கிட்ட டிரெயினேஜ், உடைஞ்ச ஜன்னல் கண்ணாடி எல்லாம் நம்ம பக்கம். (சுவிட்ச் போனதுக்கெல்லாம் ஓனருக்கு போன் போடறவங்க இதைக் கவனிக்கவும்.)

ஆனா ஒரு விஷயம். எழுத்துல வேற மாதிரி ஒப்புக்கிட்டு கையெழுத்துப் போட்டிருந்தா, அந்த அக்ரிமென்ட்தான் முன்னாடி நிக்கும். "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங் செலவுக்காகப் பிடிக்கப்படும்"ங்கிற வரி சென்னை அக்ரிமென்ட்கள்ல ரொம்ப சகஜம். உங்களுதுல அது இல்ல, அதனால உங்க நிலைமை பலமா இருக்கு. வீட்டை வாங்கின நிலையிலேயே திருப்பிக் கொடுக்கணும்னு சட்டம் சொல்லும்போதே, சாதாரணமா புழங்கினதால வர தேய்மானத்தைக் கழிச்சுத்தான் சொல்லுது. மூணு வருஷத்துல சுவர் மங்கிப்போறது அந்தத் தேய்மானம். பையன் ஹால் முழுக்க ஸ்கெட்ச் பேனாவால டைனோசர் வரைஞ்சிருந்தா அது வேற கணக்கு. அதுக்கு நீங்க காசு கொடுக்கறதுதான் நியாயம்.

காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பாக்கியைக் கழிச்சுக்கிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு. அட்வான்ஸே மூணு மாச வாடகைக்கு மேல போகக்கூடாது, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்புக்கிட்டிருந்தா தவிர. சென்னையில ஒரு காலத்துல பத்து மாச அட்வான்ஸ் கேட்டாங்கங்கிறதை நினைச்சுப் பாருங்க.

நடைமுறையில என்ன பண்றது? முதல்ல சண்டை வேண்டாம். சாமான் இறக்கினதும், காலி வீட்டை ரூம் ரூமா வீடியோ எடுங்க. சுவர், குழாய், கழிவறை, மீட்டர் ரீடிங் எல்லாமே அதுல வரணும். அப்புறம் ஓனருக்கு வாட்ஸ்அப்ல மரியாதையா ஒரு மெசேஜ்: "சார், அக்ரிமென்ட்ல பெயின்டிங் பத்தி இல்ல, சட்டத்துலயும் அது உரிமையாளர் பொறுப்புன்னு இருக்கு, வேற ஏதாவது சேதம் இருந்தா பில்லோட சொல்லுங்க, கழிச்சுக்கலாம்." வாய்ப்பேச்சை விட எழுத்துக்கு வேற மரியாதை. பெரும்பாலும் இங்கேயே பாதி வழிக்கு வந்துடுவாங்க. வரலைன்னா வாடகை நீதிமன்றம் இருக்கு. ஆனா அங்க போறதுக்கு அக்ரிமென்ட் வாடகை அதிகாரிகிட்ட பதிவாகியிருக்கிறது நல்லது. "11 மாசம்தானே, பதிவு வேண்டாம்"னு புரோக்கர் சொல்றது சார்பதிவாளர் ஆபீஸ் பதிவு பத்தின பேச்சு. வாடகைச் சட்டப்படி பண்ற பதிவு வேற, அதுக்கு 11 மாச அக்ரிமென்ட்டும் உட்பட்டதுதான்.

புதுசா வீடு பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பெயின்ட் வரி இருந்தா கையெழுத்துக்கு முன்னாடியே பேசுங்க. "ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்தா பிடித்தம் இல்லை"ன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். சாவி வாங்கற அன்னிக்கு வீட்டைத் தேடிக்கிட்டிருக்கிற இன்னொரு பத்து பேர் ஓனர் கண்ணுக்குத் தெரிவாங்க, உண்மைதான். ஆனாலும் கேட்கறதுக்குக் காசு இல்ல.

ரெண்டாவது கேள்வி பெரம்பூர்ல இருந்து, போன வருஷம் கல்யாணம் ஆனவங்க. "ஆணியே அடிக்கக்கூடாதுன்னு கண்டிஷன். சுவர் மொட்டையா இருக்கு, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. ஒட்டற ஹூக் வாங்கினோம், ரெண்டு நாள்ல போட்டோவோட விழுந்துடுச்சு."

விழுந்ததுக்குக் காரணம் பெரும்பாலும் ஹூக் இல்ல, சுவர். கையை சுவர்ல தேய்ச்சுப் பாருங்க. வெள்ளையா மாவு மாதிரி ஒட்டினா அது சுண்ணாம்பு இல்லன்னா பழைய டிஸ்டெம்பர். அதுல எந்த ஹூக்கும் நிக்காது, ஏன்னா அது சுவரைப் பிடிக்கல, மாவைத்தான் பிடிச்சிருக்கு. எமல்ஷன் அடிச்ச வழவழப்பான சுவர்ல நிக்கும். துடைச்சு, நல்லா காய விட்டு ஒட்டணும். இழுத்தா நீளற பட்டை உள்ள ஹூக்கைக் கழட்டும்போது உங்க பக்கமா இழுக்காதீங்க. சுவரோட ஒட்டினாப்புல நேரா கீழ் நோக்கி மெதுவா இழுங்க. முன்பக்கம் இழுத்தா பெயின்ட்டும் சேர்ந்து உரிஞ்சு வரும், அப்புறம் முதல் கேள்விக்குத் திரும்பப் போகவேண்டியதுதான்.

ஓனர்கிட்ட இன்னொரு தடவை கேட்டும் பார்க்கலாம். அவங்க பயம் ஆணி இல்ல, ஓட்டை. "நாலே நாலு ஆணி, போகும்போது பட்டி பார்த்துக் கொடுத்துடறோம்"னு எழுதிக் கேட்டா சிலர் சரிம்பாங்க. கொஞ்சம் பட்டி வச்சு, காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அதே ஷேட் பெயின்ட்டைத் தொட்டு வைக்கிற வேலைதான். ஷேட் நம்பரை இப்பவே கேட்டு வாங்கி வச்சுக்கங்க.

ஆனா என்னைக் கேட்டா, சுவரைக் கொஞ்ச நாள் மறந்துடுங்க. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதுக்கு முக்கால்வாசி காரணம் அந்த வெள்ளை டியூப்லைட். 2700 கெல்வின்னு அட்டையில போட்டிருக்கிற மஞ்சள் எல்இடி பல்பு ஒண்ணு, தரையில நிக்கற ஒரு விளக்கு. சாயங்காலம் டியூப்லைட்டை அணைச்சுட்டு அதைப் போடுங்க, ரூமே மாறிடும். தரைக்கு ஒரு பவானி ஜமுக்காளம். ஜன்னலுக்கு, ரெண்டு சுவருக்கு நடுவுல ஸ்பிரிங் அழுத்தத்துல நிக்கற கம்பி, அதுக்கு துளை வேண்டாம். எல்லாமே அடுத்த வீட்டுக்கும் உங்ககூட வரும்.

மூணாவது கேள்விதான் நான் ரெண்டு தடவை கேட்டது. போரூர்ல இருந்து ஒரு அப்பா. "பொண்ணுக்கு ஆறு வயசு. இங்கிலீஷ் கடகடன்னு படிக்கிறா. தமிழ் எழுத்துக்கூட்டித்தான். படிச்சுக் காட்டலாம்னா நானே இங்கிலீஷ் மீடியம், திக்கித்திக்கித்தான் படிப்பேன். அவ முன்னாடி வெக்கமா இருக்கு. ஊர்ல எங்க அம்மாவுக்கு தமிழ் மட்டும்தான் தெரியும்."

திக்கினா திக்கட்டும் சார். அப்பாவும் விரல் வச்சுத்தான் படிக்கிறார்னு அவளுக்குத் தெரியறதுல ஒரு கெடுதலும் இல்ல. அவ ஏன் தடுமாறறான்னு மட்டும் புரிஞ்சுக்கங்க. ஒண்ணு, எழுத்து. "கெ"ங்கிறதுல கொம்பு முன்னாடி நிக்குது, ஆனா உச்சரிப்புல பின்னாடி வருது. "கொ"வுல ரெண்டு பக்கமும் நிக்குது. இடமிருந்து வலமா ஒவ்வொண்ணா படிச்சுப் பழகின இங்கிலீஷ் கண்ணுக்கு இது புதுசு. ரெண்டு, இதுதான் பெருசு, புஸ்தகத் தமிழ் அவ பேசற தமிழ் இல்ல. வீட்ல "போயிட்டான்", புஸ்தகத்துல "சென்றுவிட்டான்". அவ எழுத்தை மட்டும் கூட்டல, கிட்டத்தட்ட இன்னொரு பேச்சையே கத்துக்கறா. அதனால ஒவ்வொரு பக்கத்தையும் முதல்ல படத்தைப் பார்த்து உங்க பேச்சுல சொல்லிடுங்க. அப்புறம் எழுதியிருக்கிறதைப் படிங்க. கதை தெரிஞ்சிருந்தா வார்த்தை பயமுறுத்தாது.

பக்கத்துக்கு ரெண்டு வரி இருக்கிற படக்கதையா எடுங்க. சென்னையிலேயே இருக்கிற தூலிகா பதிப்பகத்துல தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்துல வர புஸ்தகங்கள் கிடைக்கும். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைகள் இலவசமா, நாலு நிலைகளாப் பிரிச்சு இருக்கு. முதல் நிலையில இருந்தே ஆரம்பிங்க, உங்களுக்கும் சேர்த்து. ஞாயித்துக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, குழந்தைகளுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு.

வீட்ல புஸ்தகத்தை பரண்ல ஏத்தாதீங்க. பழக்கடையில கிடைக்கிற மரப்பெட்டி ஒண்ணு போதும், அவ இடுப்பு உயரத்துல, அட்டைப்படம் முன்னாடி தெரியற மாதிரி. பாத்ரூமை ஒட்டின சுவர்ல சாய்க்க வேண்டாம். ஐப்பசி மழையில அந்தச் சுவர் ஓதம் இழுக்கும், பின்னாலேயே ராமபாணப் பூச்சி வரும். ரெண்டு விரல் இடைவெளி விட்டு வைங்க.

உங்க அம்மா ஊர்ல இருக்காங்கன்னீங்க. நீங்க படிக்கிற அதே கதையை அச்செடுத்து அவங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்க. ராத்திரி வீடியோ கால்ல பாட்டி ஒரு பக்கம், பேத்தி ஒரு பக்கம். உங்க முறை வரும்போது நீங்களும் படிங்க.

எப்படிப் போகுதுன்னு அடுத்த மாசம் ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. முடிஞ்சா அவ குரல்லயே.