இன்ஜின் பக்கத்தில் ஒரு தேவதை!

பழைய ஃபாக்டரியைப் புதுசாக மாற்ற வேண்டுமா? "முதல்ல மெஷினை எடைக்குப் போடுப்பா!" என்பார்கள். பி.காம். படித்த நானே சொல்கிறேன்... வருஷா வருஷம் தேய்மானம் கழித்தால், கணக்குப் புத்தகத்தில் எந்த மெஷினும் கடைசியில் வெறும் இரும்புதான்!

லண்டன் பாங்க்ஸைட் மின் நிலையம் 1981-ல் மூடப்பட்டு, 2000-ல் 'டேட் மாடர்ன்' கலைக்கூடமானது. பிரமாதமான இடம்தான். அங்கே 'டர்பைன் ஹால்' இருக்கிறது. டர்பைன்? மூச்! பெயர் மட்டும்தான் பாக்கி.

ரோம்காரர்கள் வேறு மாதிரி. அங்கே மாண்டெமார்ட்டினி மின் நிலையம் 1912-ல் ஆரம்பித்து 1963-ல் நின்றுபோனது. 7,500 குதிரை சக்தி கொண்ட, 1933-ம் வருஷத்து டீசல் இன்ஜின்களை எடைக்குப் போடாமல், துடைத்து, அதே இடத்தில் வைத்தார்கள். 1997-ல் கேப்பிடோலைன் மியூஸியத்தில் ரிப்பேர் வேலை. 'சிலைகள் கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டுமே' என்று கொண்டுவந்தார்கள். கறுத்த இரும்புக்கு முன்னால் வெள்ளைப் பளிங்கு தேவதைகள்! ஜனங்களுக்குப் பிடித்துப்போக, விருந்தாளியாக வந்த சிலைகளில் பல அங்கேயே தங்கிவிட்டன!

காலி ஹால் என்பது கல்யாண மண்டபம் மாதிரி. யார் வேண்டுமானாலும் கட்டலாம். இன்ஜின் பக்கத்தில் அண்ணாந்து நின்றால்தான், அங்கே உழைத்தவர்கள் எதோடு மல்லுக்கட்டினார்கள் என்று புரியும்.

எடைக்குப் போடுமுன் ஒரு தரம் யோசியுங்கள் சார்... போனால் திரும்பி வராது!