தைலக் கையும் மாத்திரைப் பட்டையும்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில் 1550-களிலேயே ஒரு மருத்துவமனை இருந்தது. அன்ட்ரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் போர்த்துக்கீசியத் துறவி ஏற்படுத்தியது அது. 1586-இல் அவருடைய 'அடியார் வரலாறு' அச்சேறிய ஊர் என்று புன்னக்காயலைப் பெருமையாகச் சொல்கிறோம். மருத்துவமனையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று நரம்பு மருத்துவரைப் பார்க்க இங்கிருந்து தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ பஸ் ஏறத்தான் வேண்டும்.

அன்று கட்டுமரத்தில் மண்டியிட்டுத் துடுப்பு வலித்த மீனவர்களுக்கு முழங்காலும் தோளும் முதலில் போயின. இன்று மோட்டார் பூட்டிய ஃபைபர் படகு ஒவ்வொரு அலையிலும் ஏறி விழுகிறது. அந்த அடியை முதுகெலும்பு வாங்குகிறது. இடுப்பில் தொடங்கும் வலி தொடை வழியே கெண்டைக்கால் வரை சுரீரென்று இறங்குகிறது. உழைப்பு குறைந்தது உண்மை. வலி இடம் மாறிக்கொண்டதும் உண்மை.

அன்றைய வைத்தியம் வீட்டுக்குள் இருந்தது. நொச்சி இலையைக் கொதிக்கவிட்டு வேது பிடிப்பார்கள். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து, சூட்டை முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, வலிக்கிற இடத்தில் ஒற்றியெடுப்பார் வீட்டுப் பெண். பிறகு இளஞ்சூட்டில் புன்னை எண்ணெய். கட்டைவிரல் முதுகுத்தண்டின் ஓரமாக மெல்ல இறங்கும். படுத்திருப்பவர் மூச்சை இழுத்துப் பிடிக்கும் இடத்தில் நின்றுவிடும். அவசரமில்லாத வேலை. தேய்த்தால் வலி ஏன் அடங்குகிறது என்பதற்கு 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் விளக்கம் தந்தார்கள்: தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகள், வலிச் செய்தி மூளைக்கு ஏறுவதைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன. சித்தர் நூல்களோ வாத நோய்களை 80 என்றும் வர்மப் புள்ளிகளை 108 என்றும் வகுத்து வைத்திருந்தன.

ஆனால் அந்தக் காலத்தை ஏக்கத்தோடு மட்டும் நினைக்க மனம் ஒப்பவில்லை. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவரும் தொழுநோயால் உணர்விழந்தவரும் அதே எண்ணெயைத்தான் தடவிக்கொண்டார்கள். முள் குத்தியது தெரியாமல் புண் புரையோடி, காலை இழந்தவர்கள் உண்டு. நூல்கள் எத்தனை வகுத்தாலும், வீட்டில் எல்லாவற்றுக்கும் 'வாயு' என்ற ஒரே பெயர் போதுமானதாக இருந்தது.

1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் மறு ஆண்டு திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் வந்தன. 2000-இல் தூத்துக்குடியிலும் ஒரு மருத்துவக் கல்லூரி. எந்த நரம்பு எங்கே நசுங்குகிறது என்று இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டிவிடுகிறது. சாதாரண வலி மாத்திரைக்கு மசியாத நரம்பு எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரீகாபாலின் என்று தனி மருந்துகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவ உலகம் தனிக் கவனம் கேட்கும் நோயாகவே மதிக்கிறது.

இவ்வளவு வந்தும், பலர் முதலில் போய் நிற்பது மெடிக்கல் கடையில்தான். "ரெண்டு வலி மாத்திரை குடுங்கண்ணே" என்று வாங்கி விழுங்கிவிட்டு அன்றிரவே கடலுக்குப் போகிறார்கள். சூட்டை ஒற்றிப் பார்த்த கை நோயாளியைப் படுக்க வைத்தது. அந்த மாத்திரைப் பட்டையோ அவரை ஒரு நாள்கூடப் படுக்க விடுவதில்லை. டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நாள்கணக்கில் தின்றால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வலை இழுப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். நாம் இழந்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கட்டாய ஓய்வுதான்.

தைலம் தேய்ப்பதை விட வேண்டாம். ஆனால் பாதம் மரத்தாலோ எரிந்தாலோ முதலில் சர்க்கரையைப் பாருங்கள். உணர்வற்ற தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், தொழுநோய்க்கு மருந்து இலவசம். இடுப்புவலியோடு கால் சோர்ந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ எண்ணெயும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.