கிருமிகளை வெல்லும் மருந்துகள்

1941ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து மருத்துவமனையிலே காவலர் ஒருவர் சாகுந் தறுவாயில் கிடந்தார். கிருமிகள் உடலெங்கும் பரவிச் சீழ்க்கட்டிகளை உண்டாக்கியிருந்தன; ஒரு கண்ணும் போயிற்று. ஃப்ளோரி, செயின், ஹீட்லி முதலிய அறிஞர்கள் பூஞ்சணம் ஒன்றிலிருந்து அரிதின் முயன்று பிரித்தெடுத்த புதுமருந்து அவருக்குச் செலுத்தப்பட்டது. சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது, உணவும் உட்கொண்டார். அந்தோ! மருந்து தீர்ந்துவிட்டது. அவரது சிறுநீரில் வெளிப்பட்ட மருந்தையும் மீட்டெடுத்துச் செலுத்தினர், போதவில்லை. மார்ச்சுத் திங்களில் அவர் உயிர் நீத்தார். அம்மருந்தே பெனிசிலின்.

1928இல் லண்டனில் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், கிருமி வளர்த்த தட்டொன்றில் பூஞ்சணம் படர்ந்திருப்பதையும், அதைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருப்பதையும் கண்டார். இவ்வாறு ஒரு நுண்ணுயிர் தோற்றுவித்து, மற்றொன்றை அழிக்கும் பொருளே ஆன்டிபயாட்டிக் எனப்பட்டது. இன்று ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கப்படுவனவும் அப்பெயரே பெறுகின்றன.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன? பாக்டீரியாவை ஒரு கோட்டையாகக் கருதுங்கள். அதற்கு மதில் உண்டு. உள்ளே புரதங்களைச் செய்யும் பட்டறை உண்டு. பட்டறைக்குக் கட்டளை கூறும் ஏடு உண்டு. பெனிசிலினும் அதன் இனத்தைச் சேர்ந்த அமாக்சிசிலினும் மதில் எழும்பாதபடி தடுக்கின்றன. மதில் குலைந்த கிருமி வெடித்து மடிகிறது. நம் உடலின் உயிரணுக்களுக்கு அத்தகைய மதில் இல்லை. ஆதலின் அவை தப்புகின்றன. கிருமியால் வரும் தொண்டை நோய்க்கும் நிமோனியாவுக்கும் இவை உதவுவன.

ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் ஆகியன பட்டறையைத் தாக்குகின்றன. முன்னது 1943இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. காசநோய்க்கு முதன்முதல் பயன்பட்ட ஆன்டிபயாட்டிக் அதுவே. டெட்ராசைக்ளின் இனத்தின் முதல் மருந்து அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அப்போது அங்கே ஆராய்ச்சித் தலைவராக விளங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை. சிறுநீர்த் தொற்று முதலியவற்றுக்கு வழங்கும் சிப்ரோஃப்ளாக்சசினோ, ஏட்டைப் படியெடுக்க விடாமல் கெடுக்கிறது.

ஒன்றை மறவாதீர்கள். சளியும் இன்ஃபுளுயன்சாவும் வைரசால் வருவன. வைரசுக்கு மதிலுமில்லை, பட்டறையுமில்லை. ஆகவே இம்மருந்துகள் அங்கே பயன்படா. வீணே உட்கொண்டால் விளைவது யாது? நம் உடலில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுள் வலிமையற்றவை மடியும். மருந்தைத் தாங்கும் ஆற்றலுடைய சில எஞ்சிப் பெருகும். அவ்வாற்றலைப் பிற கிருமிகளுக்கும் வழங்கும். பின்னர் உண்மையாகவே தேவைப்படும்போது அம்மருந்து பலிக்காது. இவ்வபாயத்தை ஃப்ளெமிங்கே 1945இல் நோபெல் பரிசு பெற்றபோது எச்சரித்தார்.

எனவே, மருத்துவர் எழுதித் தந்தாலன்றி இவற்றை வாங்காதீர்கள். அவர் குறித்த அளவையும் நாட்களையும் நீங்களாகவே குறைக்காதீர்கள். எஞ்சியதைப் பிறருக்குக் கொடாதீர்கள். அன்று அக்காவலர் மருந்து போதாமையால் மாண்டார். இன்று மருந்து குவிந்து கிடக்கிறது. ஆயினும் அது பலிக்காமையால் மாள்வோர் உளர். அந்நிலை பெருகாமற் காப்பது உங்கள் கையிலும் இருக்கிறது.